படிக்காத எனக்கு வந்த ஹால் டிக்கெட்

அனுப்புநர்:
ச. தெய்வநாயகி,
நூலகர், மகளிர் கலைக் கல்லூரி,
கருங்குழி.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு,
செங்கல்பட்டு.

பொருள்: இணையவழிப் புள்ளியியல் பாடம் – வகுப்பைக் கேட்ட மாணவியருக்கு ஹால் டிக்கெட் மறுப்பு – கேளாத நூலகருக்கு வழங்கல் – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இணையவழிப் பாடங்களைப் பட்டப்படிப்பில் சேர்ப்பது பற்றி ஜூன் மாதம் நூலகர்களிடம் கருத்துக் கேட்டீர்கள். வரவேற்றுப் பேசியவள் நான். இன்றும் என் கருத்து அதுவே. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் நூலகத்துக்குத்தான் வருவார்கள், அதற்கு ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னேன். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

2. கடவுச்சொற்களை மாணவியரின் மின்னஞ்சலுக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் பதினாறு பேரில் ஒருத்திக்கும் மின்னஞ்சல் கிடையாது. எழுதிக் கேட்டும் பதில் இல்லை; பாடமோ நடந்துகொண்டே இருந்தது. ஆகவே நூலகர் என்ற முறையில் எனக்குத் தந்த கடவுச்சொல்லைப் போட்டு, இருந்த ஒரே கணினியில் ஸ்பீக்கர் வைத்து, 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றிவிட்டு எல்லோரையும் கேட்க வைத்தேன். மின்வெட்டு போக மிஞ்சிய நேரத்தில்தான் இத்தனையும். பாட முடிவில் வரும் கேள்விக்கு அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு ஒரு விடைக்கு வருவார்கள்; நான் அதை அழுத்துவேன். அதற்கு மேல் எனக்கும் புள்ளியியலுக்கும் சம்பந்தமில்லை.

3. இப்போது தங்கள் கணினி என்னைத் தேர்வெழுதத் தகுதி பெற்றவள் என்கிறது. என் பெயருக்கு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. மாணவியர் ஒரு வகுப்புக்கும் வராதவர்களாம். "படிச்சதெல்லாம் நாங்கோ, பாஸாவறது நீங்களா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தாள் தனகோடி என்ற மாணவி. பட்டம் வாங்கி வந்தால் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு தாள் போனால் அதுவும் போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. தொலைபேசியில் கேட்டால், கணினியில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். நேரில் வந்தால், அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். தேர்வே அடுத்த வாரம்தான் ஐயா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

5. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது விதிமீறல் என்றால் எனக்கு மெமோ அனுப்புங்கள், பதில் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளை எழுத விடுங்கள். அவர்கள் படித்ததில் சந்தேகம் இருந்தால் யாரையாவது அனுப்பிக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

எனக்கு வந்த ஹால் டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை பதினாறு பேரையும் அழைத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசலுக்கு வருவேன். உள்ளே விட முடியாது என்றால், அதைத் தாங்களே வந்து அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கருங்குழி
நாள்: 20.11.2008

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ச. தெய்வநாயகி

இணைப்பு: ஹால் டிக்கெட் (அசல்)