ஆக்சிஜனுக்குச் சிவப்பு

மார்ச் 9, திங்கள்

பொதுத் தேர்வில் சிவப்புப் பேனா கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னேனா? தெரியவில்லை. சொன்ன மாதிரிதான் இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டும் என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இன்று பிளஸ் டூ வேதியியல். காலையில் பனி, பிறகு வெயில். நைட்ரிக் ஆக்சைடுக்கு எலக்ட்ரான் புள்ளிப் படம் கேட்டிருந்தார்கள். வகுப்பில் நான் பழக்கியது: நைட்ரஜனின் ஐந்து புள்ளி நீலம், ஆக்சிஜனின் ஆறு சிவப்பு. எது யாருடையது என்று எண்ண வசதி. எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது என்றும் சொன்னேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

பூண்டியிலிருந்து வரும் நித்யா தேர்வுத் தாளிலும் அப்படியே வரைந்துவிட்டாள். சிவப்பு மை திருத்துபவருக்கு மட்டும். மாணவர் தொட்டால், தாள் யாருடையது எனக் காட்டும் அடையாளக் குறி என்று எடுத்து ரிசல்ட்டை நிறுத்தலாம். ஹாலிலேயே பார்த்து, விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

இயற்பியல் டீச்சர் பிலோமினா: "உங்க கலர் பேனா வைத்தியம் உங்களுக்கே ஊசி போட்டுருச்சு பாத்தீங்களா." பிறகு குரலைத் தாழ்த்தி, "வாயத் தொறக்காதீங்க. 'நானாவே வரைஞ்சேன்'னு எழுதியிருக்காளாம். உங்க பேரே இல்ல."

மார்ச் 10, செவ்வாய்

மேகம். பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

நித்யாவின் அம்மா வந்தார். கேரட் பிடுங்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு. "சாப்பிட மாட்டேங்கிறா டீச்சர். தினம் வெள்ளனே எந்திரிச்சுப் படிச்ச புள்ளைங்க. நர்ஸிங் கெடைக்காம போயிருமா?" "பயப்படாதீங்க" என்றேன். எந்த ஆதாரத்தில்?

நித்யாவின் விளக்கம் நாளை மதியம் திண்டுக்கல் தேர்வு அலுவலகத்துக்குப் போகிறது.
நான் கடிதம் கொடுத்தால்: எனக்கு மெமோ.
கொடுக்காவிட்டால்: வேண்டுமென்றே போட்ட குறி ஆகிவிடும்.
கொடுத்தாலும் பலன் உண்டா? சந்தேகம்.

நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. 'பழக்கப்படுத்தப்பட்டது' என்றே வருகிறது. யார் பழக்கியது? 'நான்' என்று போட இவ்வளவு நேரம்.

மார்ச் 11, புதன்

பத்தரைக்குத் தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் போனேன். கடிதம் ஒரு பக்கம். கூடவே மற்றப் பிள்ளைகளின் நோட்டு நான்கு. எல்லாவற்றிலும் அதே நீலம், சிவப்பு, கீழே என் கையெழுத்து.

"மேடம், இது உங்க மேலதான் திரும்பும்."

"தெரியும் சார்."

"அந்தப் புள்ள வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கே."

"அது பொய் சார்."

நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "குறி போட்ட மாதிரி இல்லதான். இதையும் சேத்து அனுப்புறேன். முடிவு என் கையில இல்ல." என் கண் முன்னாலேயே உறையில் வைத்து அரக்கு வைத்தார்.

கேட் பக்கம் நித்யா. விஷயம் அதற்குள் தெரிந்திருக்கிறது. "ஏன் டீச்சர் எழுதிக் குடுத்தீங்க? நான்தான் சமாளிச்சுட்டேனே."

"சமாளிக்கல. மாட்டிக்கிட்ட."

அழுதாள். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை. துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஜோடி இல்லாத புள்ளி நைட்ரஜன் பக்கம்தானே டீச்சர் வரணும்?"

"ஆமா."

"அப்ப படம் சரிதான்."