தெரியலைக்கு ஐம்பது மார்க்

இன்று காலை போன் 'டிங்' என்றது: "ஏற்காட்டில் மழைக்கு ஐம்பது சதவீத வாய்ப்பு." உடனே உங்கள் முகம்தான் வந்தது, மேடம். அழுகின ஆரஞ்சை முகர்ந்தவர் போலச் சுளித்துக்கொண்டு, "ஐம்பதாம் ஐம்பது! தெரியலைன்னு சொல்ல வெக்கம், அதுக்கு ஒரு நம்பர்" என்பீர்கள். நீங்கள் இறந்துபோய் ஒரு வருடமாகிறது. ஐம்பது இன்னும் சாகவில்லை.

நாம் வேலை பார்த்த கம்பெனியை நினைத்தாலே வாய் கோணிக்கொள்கிறது. காப்பி காயப்போடுகிறவர்களுக்கு மழை சொல்கிறோம் என்று வாசலில் போர்டு. உள்ளே, குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டு வரும் மேனேஜர். மழை கணிக்கும் மாடலை எழுதியது நீங்கள். மலைக்காரர்களுக்குப் போன் போட்டு, "மழை வருமா, நூத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக் கம்ப்யூட்டர் கட்டத்தை நிரப்பியது நான். நகைச்சுவை எழுதியே பட்டினி கிடந்தவனுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்?

அன்று மஞ்சக்குட்டை ராசம்மா, "மூட்டமாத்தான் இருக்குதுங்க. தெரியலீங்க" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. என் டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. ஐம்பது என்று தட்டினேன். அடுத்த நான்கு பேரும் தெரியலை என்றார்கள், அவர்களுக்கும் ஐம்பது. ஐந்து பேர் வானத்தை ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்ததாக மாடல் நம்பிவிட்டது. அறுபதைத் தாண்டினால்தான் எச்சரிக்கை என்பது கம்பெனிச் சட்டம். "களத்தை மூட வேண்டாம்" என்று செய்தி போனது. மத்தியானம் கொட்டியது. ராசம்மாவின் வருஷத்துக் காப்பி முழுக்கக் களத்தில் மிதந்தது.

மன்னிப்புக் கேட்க என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். "என் கணக்குல தப்புங்கம்மா" என்றீர்கள்.

"உன்ற கணக்கு எனக்கென்ன தெரியும் கண்ணு? நான் தெரியலீன்னுதானே சொன்னேன்? தெரியும்னு சொன்னது யாரு?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் காப்பிச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பில் ஏறியபிறகுதான் வாய் திறந்தீர்கள். "ஏனுங்க எழுத்தாளரே, காசைச் சுண்டினா பாதிக்குப் பாதி. கையில இருக்கிறது காசா கூழாங்கல்லான்னே தெரியாட்டி, அதுவும் பாதிக்குப் பாதியா?"

மாடலை மாற்றினீர்கள். தெரியலை என்பது தெரியலையாகவே உள்ளே போகும். ஒற்றை எண்ணுக்குப் பதில் 'இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்' என்று வெளியே வரும். விவரம் குறையக் குறைய இடைவெளி அகலும்.

மேனேஜர் பார்த்தார். "என்ன மேடம், பஸ் மேலே நாகலூரும் போகும், கீழே சேலமும் போகும்ங்கிற மாதிரி? ஒரே நம்பரா குடுங்க."

"ஒரே நம்பர்தான் வேணும்னா உங்க செருப்பு சைஸைப் போடுங்க சார்."

உங்கள் வேலை போயிற்று. ராசம்மாவின் காப்பி நனைந்ததுகூட உங்கள் தவறுதான் என்று அந்த மனுஷன் எழுதி வைத்தார். அந்த ஐம்பதுகளைத் தட்டியது என் விரல் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மத்தியானம் கேன்டீனில் அவரைப் பற்றி ஜோக் அடித்தேன். உங்களிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் அதிகம்.

போன வாரம் ராசம்மா வீட்டுப் பக்கம் போனேன். களம் நிறையக் காப்பி. மேலே மூட்டம்.

"மழை வருமா சாமி?"

"தெரியலீங்கம்மா."

"வந்துட்டா?"

"எல்லாம் போயிருமுங்க."

"வராட்டி?"

"ஒரு வெயில் வீணுங்க."

அவர் தார்ப்பாயை உதறினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

சாயங்காலம் வரை ஒரு சொட்டு விழவில்லை, மேடம். ராசம்மா வாய் ஓயாமல் வானத்தைத் திட்டினார். என்னைத் திட்டவில்லை.