செவ்வாய்க்கிழமை உன் சமையலறையில் ஒரு மணி நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி ஒன்றரை ஆகிறது. கண் விழித்ததும் நீ முதலில் பார்ப்பது போனைத்தான் என்பதால் இப்போதே எழுதி அனுப்புகிறேன். எட்டு மணிக்குக் கூப்பிட்டபோது அத்தான்தான் எடுத்தார். கால் வீக்கத்தோடு நீ அப்போதுதான் படுத்தாயாம். எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள், என் பெண் பட்டாணியை மட்டும் இன்றைக்கு அக்கா பக்கத்தில் படுக்கவிடாதீர்கள், விவரம் எழுதுகிறேன் என்றேன். “கொசு வருமேம்மா” என்றார். வந்தால் வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தை உனக்கு முன்னால் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். எனக்கும் வைரஸ் வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதன் முடிவு இன்று சாயங்காலம் வந்தது. அதே செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத்தான் பட்டாணியை உன்னிடம் கொண்டுவந்து விட்டேன். அன்று அவளுக்கு இல்லை என்றுதான் வந்திருக்கிறது. எனக்குத்தான் இருந்திருக்கிறது. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுத்து.

இவருக்கு எப்படி வந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். இவரோடு லிஃப்ட் பழுது பார்க்கப் போவாரே சங்கிலி அண்ணன், போன புதன்கிழமை ஏழு மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டு பேரும் லிஃப்ட் பெட்டிக்குள் நின்று முக்கால் மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார்கள். வேலைக்காகக் கரண்டை நிறுத்தியதால் மின்விசிறியும் இல்லை, கதவும் மூடியிருந்தது. சங்கிலி அண்ணனுக்கு லிஃப்ட்டுக்குள் போனாலே பாட்டு வந்துவிடும். அங்கே குரல் நன்றாகக் கேட்கிறதாம். அன்றைக்குத் தொண்டை கரகரப்பு என்று சொல்லிக்கொண்டே விடாமல் பாடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல், சனிக்கிழமை இவருக்கு. இவரிடம் கேட்டால், “நோய் வந்ததுகூடப் பரவாயில்ல, அந்தப் பாட்டத்தான் தாங்க முடியல” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். ஒருவருக்கு வந்தால் அது வீட்டிலும் வேலையிடத்திலும் யார் யாருக்கு எப்படிப் போகிறது என்று ஆராய்கிறார்களாம். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கும் சேர்த்தே பரிசோதனை. யார் எங்கே உட்கார்ந்தீர்கள், எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஒரு மணி நேரம் கேள்வி. என் மாமியார் அவருக்குக் கேள்வி மெஷின் என்று பெயர் வைத்துவிட்டார். “எத்தன மூச்சு விட்டேன்னு மட்டும்தான் இன்னும் கேக்கல” என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே அதையும் குறிப்பது போல் பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்தக் கேள்விகள் பிடித்துப்போய்விட்டன, அக்கா. பயத்தைவிட அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் நானும் ஒரு பட்டியல் போட்டேன். பார்த்தால் ஒன்றுமே நான் நினைத்தபடி இல்லை. அதே புதன்கிழமை சங்கிலி அண்ணனோடு நான்கு பேர் மதியம் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டு. ஒருவருக்கும் வரவில்லை. சாப்பிட்டது மொட்டை மாடியில். என் மாமியார் சனிக்கிழமை முழுவதும் இவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றிக்குப் பற்றுப் போட்டார், இவர் வைத்த மிச்ச டீயைக் கொட்ட மனமில்லாமல் குடித்தார். அவருக்கு இரண்டு தடவையும் இல்லை. எல்லாருக்கும் வந்திருக்க வேண்டியதுதானே, கணக்குப்படி அத்தைக்கு முதலில் வந்திருக்க வேண்டாமா என்று நர்ஸிடம் கேட்டேன். இது வரிசையில் நிற்பவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பது மாதிரி இல்லை என்றார். சிலர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கொடுப்பதில்லையாம், சிலர் ஒரே அறையில் ஐந்தாறு பேருக்குக் கொடுத்துவிடுவார்களாம். மூடிய அறை, நீண்ட நேரம், கிட்டத்தில் இருந்து பேச்சு, பாட்டு, இதெல்லாம் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம். அப்படியும் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். மாமியார் நடுவில் புகுந்து, “என்கிட்ட வர்றதுக்கு அதுக்கே பயம்” என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, என் பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தேன். மற்ற எல்லாரையும் பற்றி எழுதியவள் என்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இருமுகிறவரிடம் இருந்துதான் வரும் என்று அடிமனதில் நினைத்திருக்கிறேன். வேதியியல் படித்து என்ன பிரயோஜனம். இருமல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடம் இருந்து பரவலாம், இருமலே வராதவரிடம் இருந்தும் பரவலாம் என்று நர்ஸ் முதல் நாளே சொன்னார். தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் உன்னிடம் மறைத்தது. பத்து நாளைக்கு வீட்டில் யாரும் வெளியே போகக்கூடாது, பட்டாணி உட்பட, என்று நர்ஸ் கையெழுத்தே வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனையில் எங்கள் மூன்று பேருக்கும் இல்லை என்று திங்கள் இரவு வந்தது. நான் அந்தத் தாளை அனுமதிச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு படுக்கையறை, அதில் இவர். கைக்குழந்தையாய் இருந்தபோது பட்டாணிக்கு வந்த மூச்சுத் திணறலை நீயும் பார்த்திருக்கிறாய். எனக்கு அந்தச் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. “யோசிக்காம கொண்டாந்து விடுடி” என்று நீ சொன்னாய். வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதை நான் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை.

வழி நெடுக அவளுக்கு முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே வந்தேன். உன் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் என்னுடையதைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். வெளியே மழை, சாரல் அடிக்கிறது என்று நீ ஜன்னலைச் சாத்தினாய். நீ ஸ்டூலில், நான் உன் காலடியில் தரையில். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம், நடுவில் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஒரு மணி நேரத்தை இன்று என் கையாலேயே பட்டியலில் எழுதினேன். இடம், நேரம், ஜன்னல். எழுதி முடித்ததும் அது லிஃப்ட் பெட்டி மாதிரியே இருந்தது.

நர்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். உன் முகவரி கேட்டார். விடிந்ததும் ஒன்பது மணிக்கு உன் வீட்டுக்கு வருவார். உனக்கும் அத்தானுக்கும் பட்டாணிக்கும் பார்ப்பார். இருமல் இல்லையே என்று நீ தட்டிக்கழிக்காதே. இல்லை என்று வந்தாலும் ஒரு தடவையோடு விடமாட்டார், மறுபடி வருவார். உன் டாக்டரம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிடு. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ நேரம் பார்க்காமல் போ. பட்டாணியின் மூச்சு மருந்து அவள் பையில் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது.

இங்கே என்னையும் இவர் அறையிலேயே போட்டுவிட்டார்கள். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை என்று இவர் கேலி செய்கிறார். மாமியார் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டி, பத்தடி தள்ளி நின்று சாப்பிட்டோமா என்று சத்தம் போட்டுக் கேட்கிறார். அவருக்கு எப்படி வராமல் இருக்கிறது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. உனக்கும் அப்படியே புரியாதபடி வராமல் இருக்கட்டும். வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். என்மேல் கோபம் வந்தால் அதை அப்படியே எழுது, குறைத்து எழுதாதே. உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் முதல் வரியில் எழுது. படித்ததும் பதில் போடு அக்கா.

உன் தங்கை