மூன்றாம் பலகையில் விடுபட்ட பதினான்கு வரிகள்

அனுப்புநர்:
சி. தியாகலிங்கம்,
செவ்வாய்க்கிழமைத் தன்னார்வப் பணியாளர்,
லின்ஃபீல்ட், ஆக்லாந்து.

பெறுநர்:
திருமதி தேவதர்ஷினி அவர்கள்,
கண்காட்சிப் பொறுப்பாளர்,
பழம் பத்திரிகைக் காப்பகம், மனுகாவ்.

பொருள்: ‘அயல்நாட்டுப் பத்திரிகைகளின் பார்வையில் உக்ரேனியர், 1800–1900’ கண்காட்சியின் மூன்றாம் பலகையைத் திருத்தக் கோருதலும், அதில் என் தவறை ஒப்புக்கொள்ளுதலும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். வழக்கமாகத் தங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். ஆங்கிலம் என்றால் எதற்கும் தலையாட்டிவிடுகிறேன் என்பதால் இம்முறை தமிழில் எழுதுகிறேன். பொறுத்தருள்க.

1. மூன்றாம் பலகையில் இருப்பது 1884ஆம் ஆண்டு லண்டன் வார இதழ் ஒன்றின் செய்தி. ‘சிறு ரஷ்யர்’ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட உக்ரேனியர் சோம்பேறிகள், நன்றாகப் பாடுவார்கள், அதைவிட நன்றாகக் குடிப்பார்கள், சொந்த மொழியும் நூல்களும் இல்லாதவர்கள், எசமான் ஒருவன் இருந்தால் மகிழ்பவர்கள் என்று அது கூறுகிறது. வண்டியின் கீழ் வாய் பிளந்து உறங்கும் ஒருவனின் படமும் உண்டு. அதைத் தேடியெடுத்தவன் நான்.

2. மூன்று வாரம் கழித்து அதே இதழில் வந்த பதினான்கு வரி மறுப்புக் கடிதத்தையும் தங்களிடம் கொடுத்திருந்தேன். எழுதியவர் லண்டனில் தங்கியிருந்த, உக்ரேனின் பொல்தாவா ஊர்க்காரர். தம் மொழியில் நூல் அச்சிட ரஷ்யப் பேரரசு தடை விதித்திருக்கிறது, அந்தத் தடையைச் சொல்லாமல் நூல் இல்லை என்று மட்டும் எழுதுவது முறையா என்று கேட்டிருந்தார். பலகையில் இடமில்லை, கடிதத்தை விட்டுவிடலாமா என்று தாங்கள் மின்னஞ்சலில் கேட்டீர்கள். ‘நோ வொரிஸ்’, அதாவது பரவாயில்லை, என்று பதில் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

3. திறப்பு நாளன்று என் பக்கத்து வீட்டு ஹலினாவை நான்தான் அழைத்து வந்தேன். அவர் உக்ரேனியர். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். கணவர் சென்ற ஆண்டு போரில் கொல்லப்பட்டார். மூன்றாம் பலகையை முழுவதும் வாசித்துவிட்டு, இதைத் தெரிவு செய்தது நீங்களா என்று கேட்டார். ஆம் என்றேன். பஸ் பிடித்துத் தனியாகப் போய்விட்டார்.

4. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். என் மனைவி பத்மாவதி சொல்லக் கேட்டு, நாங்கள் சாப்பாடு அனுப்பும் பாத்திரத்தில் ஹலினாவும் நான்கு ஆப்பிளோ ஒரு துண்டு ரொட்டியோ வைத்துத்தான் தருவார். மறுநாள் எங்கள் பாத்திரம் கழுவித் துடைத்து வெறுமையாக வாசலில் இருந்தது. “அந்தப் பிள்ளை ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாலும் பரவாயில்லையப்பா” என்றார் பத்மாவதி.

5. இது எனக்குத் தெரியாத விடயமல்ல. யாழ்ப்பாணத்தில் என் தம்பி எறிகணை வீச்சில் இறந்த நாளை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை ‘வடக்கில் சிறு பதற்றம்’ என்று எழுதியது. இங்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது அந்தப் பத்திரிகை நறுக்கைத்தான் இணைத்தேன். என்னிடம் வேறு சான்று இல்லை. இதில் எவரும் இறந்ததாக இல்லையே என்று, என்னை விசாரித்த அதிகாரி மரியாதையாகவே கேட்டார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் எவர் மீதும் வரவில்லை, மரத்துப்போயிருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட நானே அந்தப் பதினான்கு வரிகளை விட்டுக்கொடுத்தது வெட்கமாக இருக்கிறது.

6. ஆகவே, அக்கடிதத்தைச் செய்திக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் உறங்குகிறவனின் படத்தை எடுத்துவிடலாம். பலகையின் அடியில் நன்றி என்று என் பெயர் போட்டிருக்கிறீர்கள். அதையும் எடுத்தால் இன்னும் ஒரு வரி கிடைக்கும்.

7. வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் இதைச் செய்துதர வேண்டும். அன்று லின்ஃபீல்டிலிருந்து ஒரு பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பு கண்காட்சிக்கு வருகிறது. ஹலினாவின் மகள் சொலோமியா அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். எட்டு வயது. இங்கு வந்தபோது அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் உரக்க வாசிக்கிறாள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சி. தியாகலிங்கம்

இடம்: லின்ஃபீல்ட், ஆக்லாந்து
நாள்: 12 ஆகஸ்ட் 2025