வேலாயி கணக்கு

12.01.2023
மழை. ஹட்டன் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்கிறாள் ஜெயந்தினி. மகள் டீச்சரானதிலிருந்து எனக்கும் பாடம் எடுக்கிறாள். வெள்ளைக்காரன் நம்மைத் தோட்ட வேலைக்கென்று கப்பலில் ஏற்றினான். இன்றைக்கும் கடன் கொடுத்து நாட்டை ஆட்டுகிறான். நான் ஆயுள் பூராவும் தொழிற்சங்கத்தில் கத்தியது இதுதான். இப்போது ஒரு கட்சி மேடை போட்டுச் சொல்கிறது. சொல்கிறவன் சிங்களவன் என்றால் உண்மை பொய்யாகிவிடுமா?

"வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன குப்பைன்னு அவங்க சொல்றதுல நாமளும் சேர்த்திதான் அப்பா," என்றாள்.

குடையைத் தேடி எடுத்து வைத்தேன்.

22.01.2023
மேடையில் எனக்கும் பேச்சு. சிங்களத்தில். எங்கள் தோட்டத்து வாசலில் இன்னும் 'கிளென்ஹார்ட்' என்று பலகை நிற்கிறது, எந்தத் துரை பிறந்த ஊரோ. அதைப் பிடுங்கிவிட்டு, வேலாயி கணக்கு என்று எங்கள் சனம் வைத்த பெயரை எழுதுங்கள் என்று சொல்லத்தான் போனேன். முதல் பாதிக்கே கைதட்டல். சூடேறிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் ஒக்கொம போக வேண்டும் என்றேன். ஒக்கொம. எல்லாமே. கூட்டம் எழுந்து நின்றது. இரண்டாம் பாதியை யாரும் கேட்கவில்லை. சொன்னேனா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

03.02.2023
கங்காணி வேலை பார்த்து ஓய்ந்த மத்தியாஸ் வாசலில் நின்று கிண்டல். "என்னா தோழர், அப்ப எம் பேரையும் மாத்திருவீங்களா? அதுவும் வெள்ளைக்காரன் குடுத்ததுதானே." சிரித்துவிட்டேன்.

19.03.2023
புதுப் பலகை வந்துவிட்டது. நிதஹஸ்கம. சுதந்திர ஊராம். மூன்று மொழியிலும் அதே.

வேலாயி கப்பலில் வந்து, காடு வெட்டப் போன மலையிலேயே பிள்ளை பெற்றுச் செத்தவள். துரைமாருக்கு மாதா கோயில் தோட்டத்தில் கருங்கல் கல்லறை. அவளுக்குக் கல் இல்லை. தோட்டத்தில் ஒரு பிரிவைக் கணக்கு என்போம்; மலையின் இந்தப் பக்கத்தை வேலாயி கணக்கு என்று சனம் கூப்பிட்டது. அவள் இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

27.03.2023
பலகை வைத்த பிரதேச காரியாலயத்துக்குப் போனேன். மேடையில் என்னைப் பார்த்திருக்கிறாராம் அதிகாரி, நாற்காலி போட்டார். தோட்டத்தைக் கணக்குக் கணக்காகப் பிரித்ததே வெள்ளைக்காரன், அதனால் வேலாயி கணக்கும் அவன் காலத்துப் பெயர்தானே என்றார். "ஒக்கொம கிவ்வே மஹத்தயானே." எல்லாம் என்று சொன்னது ஐயாதானே. பிறகு, வெள்ளைக்காரன் தூதரகத்தில் போய் முறையிடப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சொன்னது தப்பில்லை. இவர்கள் காதுதான் தப்பு. அப்படித்தானே?

08.04.2023
கண்டியில் ஒரு மனித உரிமை நிறுவனம் இருக்கிறதாம், வழக்குப் போடுவார்களாம். யார் காசு என்று ஜெயந்தினியிடம் கேட்டேன். லண்டன் காசு. வேண்டாம் என்றேன்.

"வேலாயிக்காகக்கூட மாட்டீங்களா?"

அவளைக் காட்டுக்கு அனுப்பினவன்கிட்டயே போய் அவளுக்காகக் கையேந்தணுமா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

இவனிடமும் போக முடியாது. அவனிடமும் போக முடியாது. நாங்க எங்கதான் போறது?

30.05.2023
பலகையில் யாரோ சாணி அடித்திருக்கிறார்கள். நான் இல்லை. நானாக இருந்திருக்கலாம்.

11.09.2023
பஸ்ஸில் புது கண்டக்டர். வேலாயி கணக்குக்கு டிக்கட் கேட்டேன். அப்படி ஒரு இடம் இல்லையே என்றான். பின்சீட்டிலிருந்து எங்கள் லயத்துப் பரிமளம், "நிதஹஸ்கமதான் தம்பி, பெரியவரு பழைய பேரச் சொல்றாரு," என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள்.

எங்கள் வாசலில் பஸ் நின்றது. அவன் புதுப் பெயரைக் கூவினான். எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அக்கரப்பத்தனை வரை போய், அங்கிருந்து நடந்தே வந்தேன்.

12.09.2023
முழங்கால் வீக்கம். ஜெயந்தினி தைலம் தேய்த்தபடி, நாளைக்கும் இப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

20.11.2023
மத்தியாஸ் போய்விட்டான். கம்பத்தில் மரண அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. ஊர் நிதஹஸ்கம என்று போட்டிருக்கிறார்கள். அவன் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மாதா கோயில் தோட்டத்தில், அந்தப் பெயரில், கல் வைப்பார்களாம்.