முன் இருக்கையில் சம்பந்தியம்மா

துக்ளேர், மே 19

அன்புள்ள நோயெமிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எலும்பு ஒன்றும் முறியாமல் இருக்கிறோம், அங்கே மொன்றியாலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரோசலியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். உன் மாமியார் ஜினெத் அம்மா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார், கார் இடித்த கதையையும் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை நான்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் சுற்றியதில் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ரூவான் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் காரில் நன்றாகக் காட்டுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். காட்டினோம். முதல் நாள் பேராலயத்தைப் பார்த்த நேரத்தைவிட ஆற்றங்கரையில் கார் நிறுத்த இடம் பார்த்த நேரம் அதிகம். பழைய மரவீடுகளைப் பார்த்து, இது இப்படிச் சாஞ்சிருக்கே, விழாதா என்று சம்பந்தியம்மா கேட்டார், ஐந்நூறு வருஷமா யோசிச்சிட்டிருக்கு, இன்னிக்கு விழாது என்றேன். மறுநாள் ஜுமியேஜ் மடத்தின் இடிபாட்டில் நின்று, கூரை எப்போ போடுவாங்க என்றார். நல்ல மனுஷி, ஆனால் வாய் ஓயாது, எனக்கோ சாயங்காலம் ஆனால் காது அடைத்துக்கொள்கிறது.

லைசன்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவன் நான் என்பது உனக்குத் தெரியும். நாற்பத்தாறு வருஷமாக அம்மாதான் ஓட்டுகிறாள், நான் வலப்பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பேன். நம் கிராமத்துச் சாலைகளில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தானே வழி, அதனால் அவள் இடப்பக்கம் பார்ப்பாள், நான் வலப்பக்கம் பார்த்து வரலை என்றால் போவாள், வர்றான் என்றால் நிற்பாள். போன இலையுதிர் காலத்திலிருந்து அவள் கண்ணுக்கு நடுவில் இருப்பதெல்லாம் மங்கிவிட்டது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலப்பக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன் மெல்ல இடப்பக்கமும் சொல்ல ஆரம்பித்தேன், பிறகு முன்னால் போகிற வண்டியை, பிறகு விளக்கு சிவப்பா பச்சையா என்பதை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு டிரைவர் என்று வைத்துக்கொள். கார் இல்லாவிட்டால் இந்த வீட்டில் முடங்கிப்போவோம் என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது. அது சுயநலம், வேறு பெயர் கிடையாது.

மூன்றாம் நாள் ஆற்றுக்கு அக்கரையில் ஆப்பிள் தோட்டங்களைப் பார்க்கப் புறப்பட்டபோது பின் இருக்கையில் உட்கார்ந்து சம்பந்தியம்மாவுக்குத் தலை சுற்றியது. விருந்தாளி ஆயிற்றே என்று முன் இருக்கையைக் கொடுத்தேன். முதல் இரண்டு நாளும் விடாத இடத்தை அன்றைக்கு விட்டேன். படகில் காரை ஏற்றி அக்கரை சேர்ந்து, தோட்டங்களுக்கு நடுவே போகும்போது வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு சின்ன டிரக் வந்தது. வழியில் வாங்கிய பாலாடைக் கட்டியும் ஆப்பிள் சைடர் பாட்டில்களும் என் பக்கத்தில் குவிந்து கிடக்க, நான் எட்டிப் பார்த்துக் கத்துவதற்குள் நம் காரின் மூக்கு அவன் சக்கரத்தில் மோதிவிட்டது. மெதுவாகத்தான் போனோம், யாருக்கும் அடியில்லை. சம்பந்தியம்மா அழாத குறையாக, நான் பார்த்தேனே லூசியன், எங்க ஊர்ல சந்துலேர்ந்து வர்றவன்தான் நிப்பான், இவனும் நிப்பான்னு இருந்துட்டேன் என்றார். டிரக்குக்காரன் இறங்கி, வலப்பக்கம் வர்றவனுக்கு வழி விடணும்னு பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியுமே தாத்தா என்று என்னைத் திட்டினான், ஓட்டியது நான் இல்லை என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு விபத்து நடந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து நிரப்புகிற தாளைக் காரின் மேல் விரித்தோம். அம்மா பேனாவை என்னிடம் நீட்டினாள். ஓட்டினது இந்தம்மா, எழுதுறது நீங்களா என்று அவன் கேட்டான். கண்ணாடியை வீட்டுல வச்சிட்டேன் என்றாள் அம்மா. கண்ணாடி அவள் மூக்கின் மேல் இருந்தது நோயெமி. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் பேனாவை வாங்கித் தாளை அவரே நிரப்பினார். அந்த மூன்று நாளில் அவர் வாய் மூடியிருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். ரயிலேறும்போது என் கையைப் பிடித்து, நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க, ஜூலைக்கு முன்னாடி சொல்லிடுங்க என்றார்.

ஜூலையில் ரோசலியை இரண்டு வாரம் எங்களிடம் விட்டுப் போவதாக இருந்தாய், அம்மா அவளைக் கடலுக்குக் காரில் கூட்டிப்போவதாக இருந்தாள். நானும் தடுத்திருக்க மாட்டேன், வழக்கம் போல வரலை, வர்றான் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. அன்னிக்குப் பின்னாடி கொழந்தை உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும் என்று கேட்டாள். கார் பட்டறையிலேயே இருக்கட்டும், இனி வேண்டாம் என்று அவளேதான் சொன்னாள். கண் மருத்துவரிடம் ஜூன் கடைசியில்தான் இடம் கிடைத்தது.

நீங்கள் வரும் நாளன்று ரூவான் நிலையத்துக்குப் பேருந்தில் வந்து நிற்போம், ரயில் நேரத்தை மறக்காமல் எழுது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதே, அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாயிற்று. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைய நாள் வாழ வேண்டும்.

உன் அப்பா,
லூசியன்