விசிலுக்குப் பழுக்காத மிளகு

மாப்ள,

உன் தோட்டத்தில் பாதையோரம் நிற்கும் மிளகுக் கொடிகளைப் போன வாரம் ஒரே காலையில் உருவி எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் திருடர்கள் இல்லை. திருடனாக இருந்தால் முற்றியதைப் பார்த்துப் பறித்திருப்பான். விசில் ஊதி, கோஷம் போட்டு, உன் மகன் முன்னால் நின்று நடத்திய வேலை இது.

அன்று மத்தியானமே மூட்டையை மலையிலிருந்து இறக்கி, சேந்தமங்கலத்துக் கடையில் என் முன்னால் போட்டான். அவிழ்த்தேன். பிஞ்சு மிளகுக்கு ஒரு வாடை உண்டு. காரம் ஏறாத, தழையைக் கசக்கியது போன்ற வாடை. அது மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்து உன்னை நினைக்க நேரம் ஒதுக்குகிற ஆள் இல்லை நான். வியாபாரிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் இந்தக் கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"எப்படிங்க மாமா? ஒரே காலைல முடிச்சுட்டோம். அம்மா ஆள் விட்டுப் பறிச்சா மாசக்கணக்குல இழுக்கும்" என்றான்.

ஒரு காயை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். பால் வடிந்தது. உள்ளே பருப்பு கட்டவே இல்லை. தை பிறக்காமல் எப்படிக் கட்டும்?

"சாமி, இதைக் காய வெச்சா தோலுதான் மிஞ்சும். ஊதுனா நாமக்கல் வரைக்கும் பறக்கும்" என்றேன்.

"உங்களுக்கு மைண்ட்செட் இல்லீங்க மாமா" என்றான். ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, சைக்கிளில் மூட்டை வைத்துத் தள்ளிக் கடை பிடித்தவனைப் பார்த்து, அப்பன் கட்டிய வீட்டில் சாப்பிடுகிறவன் சொன்ன சொல் அது.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேள். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்தானா, சும்மா இருந்த நேரத்தில் ஒரு முகாமுக்குப் போனான். பட்டாளத்துக்காரன் மாதிரி வாழ்ந்தால் நினைத்ததெல்லாம் கைக்கு வருமாம். அதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தலையை ஒட்டச் சிரைத்துக்கொண்டு திரும்பினான். படுக்கிற அறைச் சுவரில் "இலக்கு" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கார் படம் ஒட்டியிருக்கிறான். காலை நாலரைக்கு அலாரம். எழுந்ததும் அவனுக்குச் சூடாகக் காப்பி வேண்டும். அதைப் போட என் தங்கச்சி நாலேகாலுக்கு எழுந்திருக்கிறாள். ஒழுக்கம் அவனுடையது, தூக்கம் கெடுவது அவளுக்கு.

அந்த முகாமை நடத்துகிறவன்தான் இப்போது உன் தோட்டத்தைக் கேட்கிறான். தன்னைக் கமாண்டர் என்று சொல்லிக்கொள்கிறான். முன்பு வீட்டுமனை விற்றவன். கொடியையும் மரத்தையும் வெட்டிவிட்டுச் சமப்படுத்தினால், சுவர் ஏறிக் குதிக்கவும் சேற்றில் தவழவும் தோதான இடமாம். முகாம் ஆட்களில் முதல் கூட்டத்தை உன் மகன் செலவிலேயே வரவழைத்து இடத்தைக் காட்டினான். மலைப்பாதை வளைவுகளில் பாதிப் படை வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டது. மிச்சம் இருந்த பாதிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமே என்றுதான் கமாண்டர் மிளகைப் பறிக்கச் சொன்னான்.

அவன் பேரம் பேச உன் வீட்டுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். பட்டா தங்கச்சி பேரில் இருப்பதால் அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் ஆகாது. வந்தவன் ஒரு பிளெக்ஸை விரித்தான். அதில் பட்டாள உடுப்பு போட்ட உன் படம், பக்கத்தில் ஒரு சிங்கம். முகாமுக்கு உன் பேரையே வைக்கப்போகிறானாம்.

"இது வெறும் நெலம் இல்லீங்க ஐயா. போர்க்களம்" என்றான்.

"போர்க்களத்துக்கு வாடகை எப்படிங்க? மாசத்துக்கா, விழுகற தலைக்கா?"

அவனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "நீங்க எந்த ரெஜிமென்ட்ல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மனசளவுல நான் எப்பவுமே சோல்ஜர்தானுங்க."

"மனசளவுல நானும் புதுமாப்பிள்ளைதானுங்க. யாரு பொண்ணு குடுக்கறா?"

தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் மகன் முகம் சிவந்துவிட்டது. "அப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாருங்க மாமா. அவரே பட்டாளத்துக்காரரு" என்றான்.

 அவன் சொன்னதில் பாதி நிஜம். நீயும் லேசுப்பட்டவன் இல்லை.

பென்சனோடு வந்து இறங்கிய முதல் வருடம் நீ பண்ணியது ஞாபகம் இருக்கிறதா? பொங்கல் முடிந்த மறுநாள் பறிப்பு, அந்த வாரமே முடிவு என்று மிளகுக்கே உத்தரவு போட்டாய். பறிக்க வந்த மலைக்காரப் பெண்களை வரிசையில் நிறுத்தி விசில் ஊதினாய். அதில் ஒருத்தி மூங்கில் ஏணியைத் தோளில் வைத்தபடி, "ஏனுங்க, விசிலுச் சத்தம் எங்களுக்குக் கேக்குதுங்க, மொளகுக்குக் கேக்குங்களா?" என்றாள். மற்றவர்கள் சிரித்ததை ஒழுங்கீனம் என்று நீ என்னிடம் வந்து புகார் சொன்னாய்.

சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகுதான் அந்தச் சரத்தைத் தொட வேண்டும். ஒரே மரத்தில்கூட வெயில் பக்கம் முந்தும், நிழல் பக்கம் பிந்தும். அதனால்தான் அவர்கள் ஒரே மரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை ஏணி போடுகிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்றாய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உருவி, காய வைத்து, என் கடைக்குக் கொண்டுவந்தாய். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி போட்டேன். எல்லாம் மிதந்தது. "இது மொளகு இல்ல மாப்ள, தவுடு" என்றேன். அந்த வார்த்தையை இன்று உன் முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பட்டாளத்தில் ஒரு பாலத்துக்குக் காவல் நின்ற கதையைச் சொன்னாய். பனி கொட்டும் இடம், யாருமே வராத பாலம்.

"ஓடறதை வந்த ஒடனே கத்துக்குடுத்துட்டாங்க மச்சான். சும்மா நிக்கறதுக்குத்தான் வருசமாச்சு. அதைப் போயி ஊருக்கு வந்ததும் மறந்துட்டனே."

அடுத்த வருடம் விசிலைக் காணோம். மார்கழி முழுக்க நீ கொடிக்குக் கொடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். உத்தரவு போட்ட நீயே அந்தப் பெண்களிடம் "இன்னிக்கு எந்த மரமுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். மாசிக் கடைசியில் நீ கொண்டுவந்த மிளகு தண்ணீரில் கல்லாக இறங்கியது. உங்கள் மலைத் திருப்புலி நாட்டு மிளகிலேயே முதல் தரம் என்று நான் லாரி ஏற்றியது அதைத்தான். அப்போது உன் மகன் வெளியூர் ஹாஸ்டலில் இருந்தான். இந்தக் கதையில் ஒரு வரிகூட அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உடுப்பு, மீசை, அந்தப் படம்.

இதைத்தான் அந்தக் கமாண்டரை வைத்துக்கொண்டே அவனிடம் சொன்னேன். உன் அப்பன் தோற்றதும் பட்டாளத்துப் புத்தியால்தான், ஜெயித்ததும் பட்டாளத்துப் புத்தியால்தான். தோற்ற புத்தியை மட்டும் நீ காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாய் என்றேன். கமாண்டர் குறுக்கே வந்தான்.

"வெயிட் பண்றவன் லூசருங்க ஐயா."

"அப்படீங்களா? கர்ப்பமா இருக்கற பொம்பளைகிட்டயும் விசில் ஊதுவீங்களா?"

உள்ளிருந்து தங்கச்சி வந்தாள். கையில், நான் கடையிலிருந்து திருப்பி அனுப்பிய அந்தப் பிஞ்சுக் காயில் ஒரு பிடி. இரண்டு நாள் வெயிலில் சுருங்கி, சுண்டிப் போயிருந்தது. மகன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"கண்ணு, உங்கப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பாருன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். அவருகூட நாந்தான் குடும்பம் பண்ணுனேன். மொளகு பறிக்கத் தெரியாதவன் சொல்லி நான் கொடியை வெட்ட மாட்டேன்" என்றாள். பிறகு வந்தவனைப் பார்த்து, "காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றாள்.

அவன் பிளெக்ஸைக்கூட எடுக்காமல் போனான். சிங்கத்தைக் குப்புறப் போட்டு அதன் மேல்தான் இப்போது தங்கச்சி மிளகாய் காய வைக்கிறாள். உன் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். அவன் வேறு யாருடைய பாறைக்காட்டிலோ ஊதிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. ஆள் சேருவார்கள். நிற்கத் தெரியாதவனுக்கு ஓட்டத்தை விற்பது சுலபம். நான்கூட அந்தச் சரக்கை எடுத்திருந்தால் இந்நேரம் இரண்டு மாடி கட்டியிருப்பேன்.

விலை ஏறுகிறது என்று ஊரே பறக்கும் நாட்களில் நான் கல்லாவை விட்டு எழுந்து, வாசல் கம்பத்தில் சாய்ந்து சும்மா நிற்கிறேன். மாமனுக்கு வயசாகிவிட்டது என்று பையன்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். நீ பனியில் நின்று வாங்கியதை நான் நிழலில் நின்று அனுபவிக்கிறேன், அவ்வளவுதான்.

 நாலாம் நாள் உன் மகன் கடைக்கு வந்து, மிச்சக் கொடிகளை எப்போது பறிப்பது என்று கேட்டான். எனக்குத் தெரியாது, மரத்தைக் கேள் என்றேன். தங்கச்சியையும் வைத்துக்கொண்டு பேசி முடித்திருக்கிறோம். தோட்டம் யாருக்கும் குத்தகைக்கு இல்லை. இந்த வெள்ளாமை முடியும்வரை அவன் பறிக்கும் பெண்களோடு ஏணி தூக்க வேண்டும். அவர்கள் கை வைக்கச் சொல்லும் சரத்தில்தான் கை வைக்க வேண்டும். அவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. காய்ந்த மிளகு என் கடைக்கு வரும். கனத்தது அன்றைய சந்தை விலைக்கு, உள்ளீடு இல்லாத பொக்கு, பொக்கு விலைக்கு. மருமகன் என்பதற்காக ஒரு ரூபாய் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது.